16 அடியா, 23 அடியா? பழைய விசைப்படகு வாங்கும் முன்

தூண்டில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு கட்டத்தில் சொந்தப் படகு ஆசை வந்துவிடும். பந்திங், கேரித் தீவு, கோல சிலாங்கூர், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் என ஆறும் கடலும் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். வாடகைப் படகுக்கு மாதாமாதம் கொடுக்கும் காசைக் கூட்டிப் பார்த்து, "இதற்கு நாமே ஒன்று வாங்கிவிடலாமே" என்று மூன்று நான்கு பேர் பேசத் தொடங்குவார்கள். புதுப்படகின் விலையைக் கேட்டதும் பேச்சு பழைய படகுக்குத் திரும்பும். அங்கேதான் குழப்பம் ஆரம்பமாகிறது. கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு சின்னப் படகும் கிடைக்கிறது, ஒரு பெரிய படகும் கிடைக்கிறது. பெரியதை வாங்கினால் என்ன?

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசினால் எளிதாக இருக்கும். மூன்று நண்பர்கள் ஆளுக்கு 12,000 ரிங்கிட் போட்டு 36,000 ரிங்கிட் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் படகு 16 அடி. மூடாக்கு இல்லாத ஃபைபர் படகு. பின்னால் 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின், கையால் பிடித்துத் திருப்பும் வகை. இழுத்துச் செல்ல டிரெய்லரும் உண்டு. கேட்கும் விலை 11,000. இரண்டாவது 23 அடி. நடுவில் ஸ்டியரிங், மேலே கூரை, உட்கார மெத்தை, 115 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். டிரெய்லர் கிடையாது, ஜெட்டியில் கட்டிக் கிடக்கிறது. கேட்கும் விலை 32,000. இரண்டும் பத்துப் பன்னிரண்டு வயதான படகுகள்.

இரண்டாவதைப் பார்த்ததும் மனம் அதன் பக்கம் சாய்வது இயல்பு. குடும்பத்தோடு போகலாம், மழைக்கு ஒதுங்கலாம், நாலு பேர் பார்த்தால் மதிப்பாகவும் இருக்கும். ஆனால் அதை வாங்கிய மறுநாள் கையில் மீதி 4,000 ரிங்கிட். அந்த 4,000-தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எந்தத் தண்ணீருக்கு?

படகின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியது விலை அல்ல, நீங்கள் போகும் தண்ணீர். வருடத்துக்கு ஒருமுறை போக ஆசைப்படும் இடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பத்து முறையில் எட்டு முறை எங்கே போவீர்கள் என்று உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

லங்காட் ஆறு, சிலாங்கூர் ஆறு, பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதி, முகத்துவாரங்கள், சதுப்பு நிலக் காட்டுக்குள் ஓடும் கிளையாறுகள் என்றால் 16 அடியே சரி. சியாக்காப் ஒதுங்கும் வேர்ப் பகுதிக்கும், ஆற்று இறால் கடிக்கும் வளைவுக்கும் 23 அடிப் படகைக் கொண்டுபோய் நிறுத்துவது வீண் வேலை. திரும்ப இடம் இருக்காது. நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் உட்கார்ந்துவிடும். நான்கு பேர் இறங்கித் தள்ளினாலும் நகராது, அடுத்த ஏற்றம் வரும்வரை கொசுக்கடிதான்.

கென்யிர், தெமெங்கோர் போன்ற அணைக்கட்டு ஏரிகளிலும் சின்னதே போதும். அங்கே உப்பு கிடையாது, பெரிய அலையும் குறைவு. ஆனால் காடு மூழ்கி உருவான ஏரிகள் அவை. தண்ணீருக்கு அடியில் செத்த மரக்கட்டைகள் நின்றுகொண்டிருக்கும். அங்கே ஓடிய படகு என்றால் அடிப்பாகத்தையும் விசிறியையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

மலாக்கா நீரிணைக்குள், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போவதாக இருந்தால் பேச்சே வேறு. இந்த நீரிணையின் அலை உயரமானது அல்ல. ஆனால் குறுகியது, அடுத்தடுத்து வரும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை செங்குத்தாக எழும். 16 அடிப் படகு ஒவ்வோர் அலையிலும் ஏறி, ஒவ்வொரு பள்ளத்திலும் விழும். முதுகெலும்பு தாங்காது என்பது ஒருபுறம், தண்ணீர் உள்ளே வரும் என்பது மறுபுறம். இதோடு, ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்கிலிருந்து வரும் சுமத்ரா புயற்காற்று இருக்கிறது. பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும்தான் அடிக்கும். தூண்டில்காரர்கள் புறப்படும் நேரமும் அதுவே. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்று, கண்ணை மறைக்கும் மழை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தைத் தாக்குப்பிடிக்க வேண்டுமே. அந்த நேரத்தில் 23 அடிப் படகில் இருப்பவருக்கும் 16 அடிப் படகில் இருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் சௌகரியம் சம்பந்தப்பட்டதல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

சின்னப் படகை வாங்கிவிட்டு, "வானம் நல்லாத்தானே இருக்கு" என்று பெரிய படகுகள் போகும் இடத்துக்குப் போவது மிக மோசமான தேர்வு. 16 அடிப் படகை வாங்குகிறவர் அது எந்த எல்லைக்கு அப்பால் போகக்கூடாது என்பதையும் வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சின்னப் படகில் பார்க்க வேண்டிய ஓர் அளவு, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரம். குட்டைத் தண்டு எஞ்சினுக்கு 15 அங்குலம், நீளத் தண்டுக்கு 20 அங்குலம், பெரிய எஞ்சின்களுக்கு 25 அங்குலம் என்பது பொதுவான அளவு. 15 அங்குலம் என்றால் 38 சென்டிமீட்டர். பின்னாலிருந்து வரும் ஓர் அலை அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. கடலுக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் 20 அங்குலத்துக்குக் குறைந்த பின்பலகை உள்ள படகைத் தொடாதீர்கள்.

ஆள் கணக்கும் முக்கியம். நான்கு பேர் ஏறினால் 300 கிலோ. 40 எச்.பி. எஞ்சின் 70 கிலோவுக்கு மேல். 40 லிட்டர் பெட்ரோல் 30 கிலோ. ஐஸ் பெட்டி, நங்கூரம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து இன்னொரு 60, 70 கிலோ. 16 அடி ஃபைபர் கூட்டின் எடையைவிட நீங்கள் ஏற்றும் எடையே அதிகமாகிவிடும். பெரிய மீன் மாட்டியது என்று நான்கு பேரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 16 அடிக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்வது நல்லது, அதுவும் மூவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தால்.

நீளம் கொஞ்சம், செலவு மூன்று மடங்கு

16-க்கும் 23-க்கும் ஏழு அடிதானே வித்தியாசம் என்று தோன்றும். நீளம் கூடும்போது அகலமும் ஆழமும் சேர்ந்தே கூடுகின்றன. நீளம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. படகின் பருமன் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது. எடை, எஞ்சின், பெட்ரோல், சாயம், கயிறு, நங்கூரம் எல்லாம் அந்தப் பருமனைத்தான் பின்தொடரும்.

பெட்ரோலை மட்டும் எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.35 முதல் 0.4 லிட்டர் வரை குடிக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். நாம் முழு வேகத்தில் ஓட்டப்போவதில்லை. நிதானமான ஓட்டத்தில் 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக்குக்கு மணிக்கு 12 லிட்டர், 115 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 24 லிட்டர் என்று வைக்கலாம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், இடம் மாற்றி மாற்றிப் போட அரை மணி நேரம் என்றால் சின்னதுக்கு 30 லிட்டர், பெரியதுக்கு 60 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் 60 காசு என்று போட்டால் ஒரு பயணத்துக்கு 78 ரிங்கிட், மற்றதுக்கு 156 ரிங்கிட். மாதம் இரண்டு முறை போனால் வருடத்துக்கு 1,872 ரிங்கிட், 3,744 ரிங்கிட். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். பெரும்பாலும் 50 லிட்டருக்கு ஒரு லிட்டர். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானிய விலையை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். காரில் நிரப்புவது போல ஜெரிக்கேனில் நிரப்பிக்கொள்ள முடியாது. அதற்குக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் வட்டாரத்தில் படகுக்குப் பெட்ரோல் எடுக்க என்ன அனுமதி வேண்டும் என்பதை உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் படகு வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பலர் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று: மேலே சொன்ன 30, 60 லிட்டர் என்பது செலவாகும் அளவு, எடுத்துச் செல்லும் அளவு அல்ல. மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்பது கடலோடிகளின் பழைய விதி. அப்படியானால் சின்னப் படகில் 45 லிட்டரும் பெரியதில் 90 லிட்டரும் இருக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவீர்கள்?

இந்தக் கேள்வியிலேயே பாதிப் பேருக்கு முடிவு கிடைத்துவிடும். சின்னப் படகு, எஞ்சின், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து அரை டன்னைச் சுற்றித்தான் வரும். ஹைலக்ஸ் போன்ற ஒரு பிக்கப் இழுத்துவிடும். வீட்டுப் பக்கத்தில் நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவலாம். உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் கிடையாது. டிரெய்லருக்கு முறையான பத்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புநீரில் இறங்கி ஏறிய டிரெய்லரின் சக்கர பேரிங் துருப்பிடித்திருக்கும். நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றால் படகும் போய்விடும், பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து.

23 அடிப் படகு டிரெய்லரோடு இரண்டு டன்னை நெருங்கும். டிரெய்லர் இல்லாத படகை வாங்கினால் ஜெட்டியில்தான் கட்ட வேண்டும். மாத வாடகை, காவலுக்கு ஓர் ஆள், மழை பெய்தால் தண்ணீர் இறைக்க ஓர் ஆள். கிள்ளான் துறைமுகப் பக்கம் பெரிய ஏற்றவற்றத்தின்போது நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஏற்றத்தில் அழகாக மிதக்கும் படகு வற்றத்தில் சேற்றில் சாய்ந்து கிடக்கும் ஜெட்டிகள் பல உண்டு. அங்கே கட்டினால் நீங்கள் நினைத்த நேரத்துக்குப் புறப்பட முடியாது, கடல் விடும் நேரத்துக்குத்தான். ஜெட்டியை ஒருமுறை வற்றத்திலும் போய்ப் பாருங்கள். தண்ணீரிலேயே கிடக்கும் படகின் அடியில் சிப்பிகள் ஒட்டிக்கொள்ளும், மலாய்க்காரர்கள் தெரித்திப் என்பார்கள். அவை படகின் வேகத்தைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும். படகைக் கரையேற்றிச் சுரண்டி, அதற்கென உள்ள சாயத்தை அவ்வப்போது பூச வேண்டும். 16 அடியை இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். 23 அடியைக் கரையேற்றவே கூலி கொடுக்க வேண்டும்.

கூட்டைத் தட்டிப் பாருங்கள்

ஃபைபர் படகு அழுகாது என்று நினைப்பவர்கள் அதிகம். ஃபைபர் அழுகாது, உள்ளே இருக்கும் பலகை அழுகும். பெரும்பாலான பழைய படகுகளில் எஞ்சின் மாட்டும் பின்பலகை என்பது ஃபைபர் போர்த்திய பிளைவுட். எஞ்சின் போல்ட்டு போட்ட துளைகள் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மரம் ஊறிப்போகும். வெளியே புதுச்சாயம் பளபளக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் பின்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கணீரென்று கேட்கும். அழுகிய இடத்தில் 'டொப்' என்று அமுங்கும். அடுத்து, எஞ்சினைப் பாதி தூக்கிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து அழுத்திப் பாருங்கள், இன்னொருவர் பின்பலகையைக் கவனிக்கட்டும். பலகை எஞ்சினோடு சேர்ந்து வளைந்தாலோ மூலைகளில் முடிவெடிப்பு விரிந்தாலோ பேரம் பேச வேண்டியதில்லை, வீட்டுக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் பின்பலகையில் கீழே உள்ள ஒரு சிறிய திருகாணியைக் கழற்றச் சொல்லுங்கள். துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால் கதை முடிந்தது. கழற்ற மறுக்கும் விற்பனையாளரும் ஒரு பதில் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளத்தில் நடந்து பாருங்கள். எங்காவது நனைந்த பிஸ்கட் போல அமுங்கினால் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளைச் சந்தேகிக்க வேண்டும். தளத்துக்கு அடியில் மிதப்புக்காக நிரப்பிய நுரை வருடக்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அப்படிப்பட்ட படகு ஆள் ஏறும் முன்பே பின்பக்கம் தாழ்ந்து நிற்கும். 16 அடியில் தளத்தைப் பிரித்துச் சரிசெய்வது ஒரு ஃபைபர் பட்டறைக்குச் சில நாள் வேலை. 23 அடியில் ஸ்டியரிங் மேடை, கூரை, உள்ளே பதித்த பெட்ரோல் தொட்டி எல்லாவற்றையும் கழற்றினால்தான் தளத்தையே தொட முடியும். ஒரே நோய்தான், பெரிய உடம்பில் வந்தால் வைத்தியச் செலவு வேறு.

எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்

எஞ்சின் பார்க்கப் போனதும் முதலில் மூடியின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். "நீங்க வரீங்கன்னுதான் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன் அண்ணே" என்பார் விற்பவர். இருக்கலாம். "இன்னொரு நாள் வருகிறோம், நாங்கள் வரும்வரை தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதைப் பார்க்காமல் பழைய எஞ்சினைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஓடத் தொடங்கியதும் பின்னால் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். மெக்கானிக்குகள் அதற்கு ஒரு கொச்சைப் பெயர் வைத்திருக்கிறார்கள், கேட்டால் தெரியும். அது தடையில்லாமல் வந்தால் குளிர்விக்கும் தண்ணீர் சுற்றுகிறது என்று பொருள். சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே உள்ள இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அது சில்லறைச் செலவு. அல்லது உப்பு படிந்து உள்வழிகள் அடைத்திருக்கலாம், அது சில்லறை அல்ல.

கீழே கியர் எண்ணெய்த் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டர்களுக்கு இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அளவு எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இதைச் செய்ய ஆகும் கூலியை யோசிக்க வேண்டாம். விற்பவர் கைகாட்டும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

இப்போது இரண்டு எஞ்சின்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அதிகம் குடிக்கும், புகை விடும், சத்தம் போடும். ஆனால் எளிய எஞ்சின். நம் மேற்குக் கரையின் எந்த மீனவக் கிராமத்திலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கை ஒன்று இருக்கும். பழைய உதிரிபாகமும் கிடைக்கும். 115 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் சிக்கனமானது, அமைதியானது. ஆனால் பெட்ரோலை மின்னணு முறையில் பாய்ச்சும் எஞ்சின் அது. கோளாறு வந்தால் கணினியை மாட்டிப் பார்க்கும் பட்டறை வேண்டும். கடலில் வைத்து ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டி வீடு வந்து சேரும் கதை அதில் நடக்காது. கணினியில் ஒரு நன்மையும் உண்டு: எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு வேகத்தில் ஓடியது என்பதைப் பல ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பார்த்துவிடலாம். அந்த அறிக்கை இல்லாமல் 32,000 ரிங்கிட்டை எடுக்காதீர்கள்.

பழைய பெரிய படகு மலிவாக விற்கப்படுவதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. புதிய 115 எச்.பி. எஞ்சினின் விலையைக் கடையில் கேட்டுப் பாருங்கள். இந்தப் படகு முழுவதற்கும் கேட்கும் 32,000 ரிங்கிட்டைத் தாண்டும். எஞ்சின் முடியப்போகிறது என்று தெரிந்த சொந்தக்காரருக்கு இரண்டே வழி: புது எஞ்சின் வாங்குவது, அல்லது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றுவிடுவது. எல்லாரும் இப்படி விற்பதில்லை. வெளியூருக்கு மாறியவர், உடம்பு முடியாதவர் என நேர்மையான காரணங்களும் உண்டு. ஆனால் விற்கும் காரணத்தைக் கேட்பதோடு நிற்காமல் அந்தக் காரணம் எஞ்சினில் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள், நீங்கள் வழக்கமாகப் போகும் ஆட்களின் எண்ணிக்கையோடு. விற்பவரும் நீங்களும் மட்டும் ஏறினால் எந்தப் படகும் பறக்கும். முழு ஆளோடு முழு வேகம் கொடுக்கும்போது எஞ்சின் அதன் கையேட்டில் சொன்ன சுழற்சி வேகத்தைத் தொடவில்லை என்றால் விசிறி பொருந்தவில்லை, அல்லது எஞ்சினுக்குத் தெம்பு இல்லை.

பத்திரம் இல்லாத படகு

பழைய எஞ்சின்களில் திருட்டு எஞ்சின்களும் கலந்திருக்கும். எஞ்சினைத் தாங்கும் பிடியில் வரிசை எண் பொறித்த தகடு இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ விலகிவிடுங்கள். எண்ணை விற்பவரிடம் உள்ள பழைய ரசீதோடு ஒப்பிடுங்கள். படகு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, உரிமம் எதுவரை செல்லும் என்பதை ஜபாத்தான் லாவுட் எனப்படும் கடல்துறை இலாகாவில் உறுதி செய்துகொண்டு, பெயர் மாற்றத்துக்கு என்ன தேவை என்றும் அங்கேயே கேளுங்கள். காருக்கு கிராண்ட் பார்க்காமல் பணம் கொடுப்போமா? விசைப்படகை ஓட்டுகிறவருக்கும் தனியாக உரிமம் வேண்டும்.

முன்பகுதியில் பெரிய எழுத்துகளில் மீன்பிடிப் படகின் எண் எழுதியிருந்தால் அது மீன்வள இலாகாவின் உரிமம் பெற்ற தொழில் படகு. "லைசென்ஸோடு தருகிறேன், மீனவர் சலுகை எல்லாம் கிடைக்கும்" என்று சிலர் விலையைக் கூட்டுவார்கள். அந்த உரிமம் கை மாறும் சாமானைப் போலப் படகோடு தானாக வருவதில்லை. வார இறுதியில் தூண்டில் போடுகிறவருக்கு மீனவர் சலுகையும் கிடையாது. அதற்காக ஒரு காசுகூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

பெரிய படகை வாங்கி ஆள் ஏற்றிச் சம்பாதித்துச் செலவை ஈடுகட்டலாம் என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் அது வேறு தொழில். அதற்கான உரிமமும் காப்புறுதியும் வேறு. அவை இல்லாமல் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் படகை விற்றாலும் தீராது.

கூட்டாகப் படகு வாங்குகிறவர்கள் இன்னொரு தாளையும் எழுத வேண்டும். படகு ஒருவர் பெயரில்தான் இருக்கும். மற்ற இருவர் போட்ட 24,000 ரிங்கிட்டுக்கு என்ன சாட்சி? பெட்ரோலைப் போகிறவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் செலவை, போகாதவரும் தர வேண்டுமா? ஒருவர் வேலை மாறி ஜோகூர் போய்விட்டால் அவர் பங்கை என்ன விலைக்கு, எத்தனை மாதத்துக்குள் திருப்பித் தருவது? இதையெல்லாம் நண்பர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும்தான். அரைப் பக்கத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு கோபத்தில் கேட்க வேண்டியிருக்காது. ஜெட்டியில் ஆளில்லாமல் கிடக்கும் பெரிய படகுகளில் சில, எஞ்சின் கெட்டதால் நிற்கின்றன. சில, சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ளாததால் நிற்கின்றன.

அப்படியானால் எதை வாங்குவது?

மேலே சொன்ன மூவர் முகத்துவாரத்திலும் கரையோரத்திலும் போகிறவர்கள் என்றால் என் பதில் 16 அடி. 11,000 ரிங்கிட் கொடுத்தபின் கையில் 25,000 இருக்கும். அதில் டிரெய்லரைச் சரிசெய்து, நல்ல உயிர்காப்பு அங்கிகள், நங்கூரத்துக்கு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளக் கயிறு, வானொலி எல்லாம் வாங்கி, நாளை இந்த எஞ்சின் நின்றுபோனால் இன்னொன்றும் வாங்கலாம். இரண்டு வருடம் ஓட்டிப் பழகிய பிறகு பெரியது வேண்டுமா என்று அப்போது தெரியும். சின்னப் படகு விற்பதற்கும் எளிது.

நீரிணைக்குள் தூரமாகப் போவதுதான் வழக்கம், நான்கு பேருக்குக் குறையாமல் போவீர்கள், வற்றத்திலும் தண்ணீர் நிற்கும் ஜெட்டி இருக்கிறது என்றால் 23 அடிதான் சரி. ஆனால் 36,000 ரிங்கிட் உள்ளவர் 32,000-க்கு வாங்கக்கூடாது. பழைய பெரிய படகுக்கு முதல் வருடத்தில் விலையில் நான்கில் ஒரு பங்காவது தனியாக வேண்டும் என்பது என் கணக்கு. எனவே 28,000-க்கு மேல் போகாதீர்கள். கிடைக்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டு வாங்குங்கள். ஒற்றை எஞ்சினோடு தூரம் போகிறவர்கள் 8 அல்லது 15 எச்.பி. துணை எஞ்சின் ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால் வேகமாக வர முடியாது, வீட்டுக்கு வர முடியும். புறப்படும் முன் வானிலை இலாகாவின் கடல் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் அவர் 999-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் படகின் பதிவு எண், எஞ்சின் வரிசை எண், மீதித் தொகை, தேதி ஆகியவற்றோடு, "தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி இல்லையென்றால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியையும் எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பாக்கியைப் பெயர் மாற்றத்துக்கான தாள்களைச் சமர்ப்பிக்கும் அன்று கொடுத்தால் போதும்.